விலங்குக் காப்பகத்தில் தன்னார்வப் பணி: சேர விரும்புவோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

தென்சென்னையில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்தில், புதிதாக வரும் தன்னார்வலர்களை முதல் நாளன்று அழைத்துச் சென்று சுற்றிக் காட்டும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். வாயிலில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியவை அல்ல அவை என்பதால், வருவதற்கு முன்பே ஒருமுறை இதைப் படித்துவிட்டு வருவது உங்களுக்கும் விலங்குகளுக்கும் நல்லது.

சென்னையில் இந்தப் பணி எப்போது தொடங்கியது?

நம் நகரத்துக்கு இதில் நீண்ட பாரம்பரியம் உண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது, விலங்கு வதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பலனாகவே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்படி 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இயங்கியது. விமானியான கேப்டன் சுந்தரம் 1959இல் தம் குடும்பத்தினருடன் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இன்றும் கிண்டி, வேளச்சேரிப் பக்கத்தில் இயங்கிவருகிறது. 1964இலேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் பணியை அந்த அமைப்பு தொடங்கிவிட்டது. பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதே அப்போது மாநகராட்சியின் வழக்கம். அதைக் கைவிட்டுக் கருத்தடை முறைக்கு மாநகராட்சி மாறியது 1996இல்தான். இடைப்பட்ட அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளும் சலிக்காமல் வாதாடியவர்களின் தோள்மேல் நின்றுதான் நாங்கள் இன்று துடைப்பத்தைக் கையில் எடுக்கிறோம்.

முதல் நாள் எனக்கு என்ன வேலை தருவீர்கள்? நாய்க்குட்டிகளோடு விளையாடலாமா?

முதல் நாள் கூண்டு கழுவும் வேலைதான். இரண்டாம் நாளும் அநேகமாக அதுவேதான். சிலர் இதைக் கேட்டதும் முகம் சுளித்துத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் காப்பகத்தில் உயிர்காக்கும் வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், அறுவை சிகிச்சைக்கு அடுத்தபடியாக இதைத்தான் சொல்வேன்.

வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறரைக்கெல்லாம் தொடங்கிவிட வேண்டும். முதலில் நாயைப் பக்கத்துத் தடுப்புக்கு மாற்றி, தாழ்ப்பாள் விழுந்துவிட்டதா என்பதைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். அதன்பிறகு தண்ணீர் ஊற்றாமல், கழிவை உலர்ந்த நிலையிலேயே அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரை முதலில் அடித்தால் கழிவு கரைந்து அடுத்த கூண்டு வரைக்கும் ஓடும். அள்ளி முடித்ததும் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, அதற்கும் பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச்சிங் கரைசலுக்கு வீரியம் இருப்பதில்லை. இந்த வரிசையை மாற்றக்கூடாது என்று நாங்கள் கண்டிப்புக் காட்டுவது அதனால்தான். கடைசியில் நல்ல தண்ணீரால் அலசி, தரை ஈரமில்லாமல் தள்ளித் துடைத்துவிட்டு, சாக்கையோ பழைய துணியையோ விரித்த பிறகே நாயைத் திரும்ப விடலாம். ஈரத்தரையில் படுக்கும் நாய்க்கு முழங்காலிலும் வயிற்றிலும் புண் வரும்.

கழுவும்போது கண்ணையும் பழக்க வேண்டும். மலத்தில் இரத்தம் தெரிகிறதா, தண்ணீராகப் போயிருக்கிறதா, அரிசி மணி போன்ற வெள்ளைத் துணுக்குகள் நெளிகின்றனவா, நேற்றிரவு வைத்த சோறு அப்படியே இருக்கிறதா என்பதையெல்லாம் மருத்துவருக்கு முன்பே பார்ப்பவர் கூண்டு கழுவுபவர்தான். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு கிழட்டு நாய் இரண்டு நாளாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்பதை, தரை வறண்டு கிடந்ததை வைத்து ஒரு கல்லூரி மாணவி கண்டுபிடித்துச் சொன்னாள். அன்று மாலையே அதன் சிறுநீர்ப்பையிலிருந்த கல்லை எடுத்தார்கள். அந்த மாணவி காப்பகத்துக்கு வந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

விலங்குகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வரலாமா?

தாராளமாக வரலாம். தெரியாது என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் கேட்டுச் செய்கிறார்கள். சிறுவயதிலிருந்தே நாய் வளர்த்தவன் என்று சொல்லிக்கொண்டு வருபவர்தான் கேட்காமல் கூண்டுக்குள் கையை விடுகிறார். வீட்டில் வளர்ந்த நாயும், இரண்டு நாளுக்கு முன் லாரியில் அடிபட்டு இடுப்பு உடைந்து வந்த நாயும் ஒன்றல்ல. வலியில் இருக்கும் விலங்கு, தன்னைக் காப்பாற்ற வந்தவரையும் கடிக்கும். அதில் அதன்மீது குற்றமேதும் இல்லை.

நாய்களைக் கண்டாலே பயம் என்பவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. உணவுக்கூடத்தில் சோறும் கோழியும் வேகவைத்துப் பிரிப்பது, பதிவேடு எழுதுவது, தத்துக் கேட்டு வருபவர்களிடம் பேசுவது, துணிகளைத் துவைத்து உலர்த்துவது போன்ற வேலைகளுக்கு எங்களுக்கு ஆள் எப்போதும் போதுவதில்லை.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்?

இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் அமைய வேண்டும். இந்தப் பதில்களில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இடமிருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒருநாள் முழுக்க இருந்து பத்துப் பேர் வேலையைச் செய்துவிட்டு, பிறகு ஆறு மாதம் தலைகாட்டாத தன்னார்வலரால் காப்பகத்துக்குப் பெரிய பயன் இல்லை. அடுத்த ஞாயிறு யார் வருவார் என்று தெரியாவிட்டால், எத்தனை நாய்களை வெளியே நடத்திச் செல்ல முடியும், எத்தனை பூனைக்குட்டிகளை ஏற்றுக்கொள்ள முடியும் என்று எதையும் திட்டமிட முடியாது. விலங்குகளுக்கும் அப்படித்தான். தெருவில் எல்லாவற்றையும் இழந்து வந்த நாய், இந்த மனிதர் போனால் திரும்பி வருவார் என்பதை மிக மெதுவாகத்தான் கற்றுக்கொள்கிறது. நடுவில் நீங்கள் மூன்று வாரம் வராமல் போனால், அது முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும்.

ஆகவே நாங்கள் மூன்று மாத வாக்குறுதி கேட்கிறோம். தேர்வு, திருமணம், உடல்நலக்குறைவு எல்லாம் வருவது இயல்பு. இரண்டு நாள் முன்னதாகத் தகவல் சொன்னால் போதும்.

வயது வரம்பு உண்டா?

18 வயது நிறைந்தவர்கள் தனியாக வரலாம். அதற்குக் குறைந்தவர்கள் பெற்றோரில் ஒருவருடன் வர வேண்டும். அந்தப் பெற்றோரும் கூடவே வேலை செய்ய வேண்டும், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இது எங்கள் காப்பகத்தின் விதி, பிற இடங்களில் மாறலாம். பள்ளியின் சேவைச் சான்றிதழுக்காக நாற்பது மாணவர்களை ஒரே பேருந்தில் ஏற்றிக்கொண்டு வரும் கோரிக்கைகளை நாங்கள் ஏற்பதில்லை. அந்தக் கூச்சலில் நோயுற்ற நாய்கள் நடுங்கிப்போகின்றன.

தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா? கடித்துவிட்டால் என்ன செய்வது?

வெறிநோய் அறிகுறிகள் தோன்றிய பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆனால் உரிய நேரத்தில் முறையாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அது முழுவதுமாகத் தடுக்கக்கூடிய நோய். இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்தால் வீண் அச்சமும் இருக்காது, அலட்சியமும் இருக்காது.

விலங்குகளைக் கையாளப் போகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று ஊசிகள். இவற்றைப் போட்டுக்கொண்டவர் பின்னால் கடிபட்டால், கடிபட்ட அன்றும் மூன்றாம் நாளும் என இரண்டு ஊசிகள் போதும். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (உடனடியாக நோயை எதிர்க்கும் எதிர்ப்புப் பொருள்) தேவைப்படாது. முன்பு போடாதவருக்குத் தசையில் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 14, 28ஆம் நாள்களில் ஐந்து ஊசிகள். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தாலோ, திறந்த புண்ணில் எச்சில் பட்டிருந்தாலோ இம்யூனோகுளோபுலினும் தேவை. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கடிக்கான தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறார்கள். டெட்டனஸ் ஊசியையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பல் பட்டாலும், நகம் கீறி இரத்தம் வந்தாலும், திறந்த புண்ணில் எச்சில் பட்டாலும் முதல் வேலை குழாயடிக்குப் போவதுதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்டது; எங்கள் குழாயடியில் அதற்காகவே ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டியிருக்கிறோம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்கக்கூடாது. கட்டுப் போடவும் கூடாது. கழுவிய கையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாயைப் பத்து நாள் கவனித்துப் பார்க்கலாம், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடிபட்டதைப் பலர் மறைக்கிறார்கள். நாய்க்கு ஏதேனும் ஆகிவிடுமோ என்ற இரக்கமும், தம்மை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சமுமே காரணம். மறைக்கவே மறைக்காதீர்கள். கடித்தது என்பதற்காக எந்த நாயையும் நாங்கள் தண்டிப்பதில்லை; அது ஏன் கடித்தது என்று தெரிந்தால்தான் அடுத்தவரைக் காப்பாற்ற முடியும்.

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் கவலைக்குரியது. நோயுள்ள எலி, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவும் உடலுக்குள் போய்விடும். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் கழுவும் இடத்துக்கு யாரையும் விடமாட்டோம்.

எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது. இங்கிருந்து நோயைக் கொண்டுபோய்விடுவேனோ?

நியாயமான கவலை. நாய்க்குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோகும் பார்வோ வைரஸ், மண்ணிலும் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சாதாரண சோப்பும் பினாயிலும் அதை ஒன்றும் செய்வதில்லை. உங்கள் வீட்டு நாய்க்கு ஆண்டுத் தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்டிருந்தால் ஆபத்து மிகக் குறைவு. இருந்தாலும் காப்பகத்துக்கென்று தனிச் செருப்பும் தனி உடையும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் நாயைத் தொடுவதற்கு முன்பு குளித்துவிடுங்கள். வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டி இருந்தால், அதன் ஊசிகள் முடியும்வரை அலுவலக வேலை மட்டும் செய்யுங்கள்.

காப்பகத்துக்குள்ளும் இதே ஒழுங்குதான். முதலில் ஆரோக்கியமான குட்டிகள், பிறகு பெரிய நாய்கள், கடைசியில் தொற்றுநோய்ப் பிரிவு. இந்த வரிசையில் முன்னே போகலாமே தவிர, பின்னே வரக்கூடாது. எனக்கு அனுபவம் போதாத காலத்தில், தொற்றுப் பிரிவில் வாளியை வைத்துவிட்டு, ஒரே ஒரு நிமிடம் என்று குட்டிகள் இருந்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அந்த வாரத்தில் ஐந்து குட்டிகள் இறந்தன. என்னால்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்று என்னாலும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

பயந்து ஒடுங்கியிருக்கும் நாயை எப்படி அணுகுவது?

அணுகாமல் இருப்பதே முதல் படி. சென்ற ஆண்டு தை மாதம் ஒரு செம்பட்டை நிறப் பெண்நாய் வந்தது. ஒரு காதில் பழைய கிழிசல். கழுத்தில் கயிறு இறுகி, சதைக்குள் பதிந்து, அந்த இடம் புழு வைத்திருந்தது. புண் ஆறியது, பயம் ஆறவில்லை. கூண்டின் பின்மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கூண்டுக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு, அதற்குப் பக்கவாட்டைக் காட்டியபடி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் செய்தித்தாள் படிப்பார். நாயைத் திரும்பிப் பார்க்கமாட்டார். எழும்போது ஒரு துண்டு வெந்த கோழியைப் போட்டுவிட்டுப் போவார். நான்காம் வாரம் அவர் இருக்கும்போதே அது கோழியைத் தின்றது. ஏழாம் வாரம், அவர் முழங்கையின் மேல் ஈர மூக்கு ஒன்று பட்டது. அப்போதும் அவர் அசையவில்லை, பத்தியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பது, மேலே குனிவது, தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோவது, இவை மூன்றும் நாய்க்கு அச்சுறுத்தல். பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடல் திடீரென விறைப்பது ஆகியவை விலகிப்போ என்று அது சொல்லும் சொற்கள். உறுமும் நாயை அதட்டாதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதட்டி அடக்கிவிட்டால், அடுத்த முறை அது எச்சரிக்காமலே கடிக்கும்.

நாய்கள் மட்டும்தானா?

பூனை, கன்றுக்குட்டி, கழுதை, சில நேரம் குதிரை என எல்லாம் வருகின்றன. நெகிழிப் பைகள் வயிற்றில் சேர்ந்து உப்பிப்போன மாடுகள் வரும்போது நகரத்தின் குப்பை எங்கே போகிறது என்பது புரியும்.

பூனைப் பகுதிக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. அங்கே பினாயில் எக்காரணம் கொண்டும் கூடாது. பீனால் வகைப் பொருள்கள் பூனைக்கு நஞ்சு. தரையில் மிதித்த காலை அது நக்கும்போதே நஞ்சு உள்ளே போய்விடும். அதேபோல் காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்து, நல்லெண்ணத்தாலேயே பூனையைக் கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் போக்கப் போதும்.

கிளி, நட்சத்திர ஆமை, கீரி, குரங்கு, பாம்பு ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றை வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

கருத்தடை செய்த நாயை ஏன் மீண்டும் அதே தெருவில் விடுகிறீர்கள்?

தொலைபேசியில் வரும் கோபமான அழைப்புகளில் பாதிக்குமேல் இதைப் பற்றியவைதான், அவற்றை எடுத்துப் பேசும் பொறுப்பும் ஒருநாள் உங்களுக்கு வரும். கோபப்படுபவர்களில் பலர், தம் குழந்தையை நாய் கடித்துவிட்ட துயரத்தில் பேசுபவர்கள். அவர்களிடம் வாதாடத் தொடங்காமல் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒரு தெருவில் எத்தனை நாய்கள் வாழும் என்பதை அங்கே கிடைக்கும் உணவும் குப்பையுமே முடிவு செய்கின்றன. இருந்த நாய்களை அகற்றினால், அந்த இடத்துக்குப் பக்கத்துப் பகுதியிலிருந்து புதியவை வரும். அவை கருத்தடையும் தடுப்பூசியும் இல்லாதவையாகவே இருக்கும். கருத்தடை செய்து ஊசி போட்ட நாய் தன் எல்லையைக் காத்துக்கொள்ளும்போது பெருக்கமும் குறைகிறது, வெறிநோய் பரவும் வழியும் அடைபடுகிறது. காதின் நுனியில் சிறு வெட்டு இருந்தால், அந்த நாய்க்குக் கருத்தடை முடிந்துவிட்டது என்று பொருள். ஒரு பகுதியில் பாதி நாய்களுக்குச் செய்துவிட்டு நிறுத்தினால் பலன் கிடைக்காது என்பதையும் நான் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் நகரங்களில் பெரும்பாலும் தோற்பது இந்த முறையல்ல, முறையைத் தொடர்ந்து செய்யாத நிர்வாகம்தான்.

சட்ட நிலையும் தெரிந்திருக்க வேண்டும். 2001ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பதிலாக 2023இல் புதிய விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு நீக்கத்துக்குப் பிறகு பிடித்த இடத்தில் விடச் சொல்லி, உணவிடுவதற்குத் தனி இடங்களை ஒதுக்கவும் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை மட்டும் அங்கேயே திரும்ப விடக்கூடாது என்றது. அழைப்பவர் எந்த இடத்தைப் பற்றிக் கேட்கிறார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே பதில் சொல்லுங்கள்.

தெருவில் அடிபட்ட நாயைக் கண்டால் நேரே கொண்டுவந்து விட்டுவிடலாமா?

முதலில் தொலைபேசியில் கேளுங்கள். இடமில்லாத நேரத்தில் வாயிலில் கட்டிவிட்டுப் போகப்படும் நாய், உள்ளே இருக்கும் நோய்களைப் பெறுகிறது அல்லது புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறது. கால் நொண்டல், சொறி, சிறு காயம் போன்றவற்றுக்கு, பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் காட்டி அதே தெருவில் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வதே நல்லது. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், தடித்த போர்வையை முகத்தையும் சேர்த்து மேலே போட்டு, முதுகு வளையாமல் ஒரு பலகையின் மேல் நகர்த்துங்கள். மாடுகளுக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். சென்னையில் தெருநாய் குறித்த புகார்களுக்கு மாநகராட்சியின் 1913 இருக்கிறது.

கருணைக்கொலை செய்கிறீர்களா? அதை என்னால் தாங்க முடியுமா?

செய்கிறோம், மிக அரிதாக. குணமாகவே வழியில்லாத வேதனையில் இருக்கும் விலங்குக்கு, தகுதிபெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே, வலியில்லாத முறையில் செய்ய விதிகள் இடம் தருகின்றன. இடப்பற்றாக்குறைக்காக ஒருபோதும் செய்வதில்லை.

தாங்க முடியுமா என்ற கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. முதல் மாதத்தில் அழாத தன்னார்வலரை நான் பார்த்ததே இல்லை. அழுவது தவறில்லை, நாயின் முன்னால் மட்டும் வேண்டாம். நம் பதற்றம் அதற்கும் தொற்றும். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் திண்ணை இருக்கிறது. எங்களில் எல்லோரும் அங்கே உட்கார்ந்தவர்கள்தான். யாராவது ஒருவர் தேநீரோடு வந்து பக்கத்தில் அமர்வார், அதிகம் பேசமாட்டார்.

காப்பகத்துக்கு வராமல் வீட்டிலிருந்தே உதவ முடியுமா?

தாயில்லாத குட்டிகளைச் சில வாரங்கள் மட்டும் வீட்டில் வைத்து வளர்த்துத் தருவதுதான் எங்களுக்கு மிகவும் அரிதாகக் கிடைக்கும் உதவி. மழை முடிந்த குளிர் மாதங்களில் நாய்க்குட்டிகளும், கோடையில் பூனைக்குட்டிகளும் அட்டைப் பெட்டிகளில் வந்து குவிகின்றன.

கண் திறக்காத பூனைக்குட்டி உள்ளங்கையில் அடங்கிவிடும். அது வந்ததும் பால் கொடுக்கத் தோன்றும், கொடுக்கக்கூடாது. முதலில் அதன் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால், துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலின் பக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. பசும்பால் பேதியை உண்டாக்கும், பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோல் குப்புறப் படுத்த நிலையில்தான் கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்ததும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். தாய்ப்பூனை நாக்கால் செய்யும் வேலை அது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் இப்படியே. சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள், நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம் கூடினால் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

பணமாகவோ பொருளாகவோ கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பழைய செய்தித்தாள், பருத்திப் புடவை, வேட்டி, போர்வை, அரிசிச் சாக்கு ஆகியவை எவ்வளவு வந்தாலும் செலவாகிவிடும். பஞ்சு மெத்தையும் தலையணையும் வேண்டாம், குட்டிகள் கடித்துப் பஞ்சை விழுங்கிவிடுகின்றன. பண்டிகை மீதி உணவைக் கொண்டுவருபவர்கள், அதில் வெங்காயம், திராட்சை, சாக்லேட் இருந்தால் அது நாய்க்கு நஞ்சு என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் எந்தக் காப்பகத்திடமும் பதிவுச் சான்றையும் ஆண்டுக் கணக்கையும் கேளுங்கள். நன்கொடைக்கு வருமானவரிச் சலுகை கிடைக்குமா என்றும் கேட்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் அனுப்பும் நன்கொடையை, அதற்கான மத்திய அரசு அனுமதி இருக்கும் அமைப்பு மட்டுமே வாங்க முடியும்.

என் குடும்பத்தினர் சம்மதிக்கவில்லை. ஆனாலும் ஒரு நாயைத் தத்தெடுக்க விரும்புகிறேன்.

தயவுசெய்து காத்திருங்கள். வீட்டில் ஒருவர் மறுத்தாலும் நாங்கள் தருவதில்லை, வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும் பேசுவோம். திருப்பிக் கொண்டுவந்து விடப்பட்ட நாய், முதல் முறை வந்ததைவிட மோசமாக ஒடுங்கிவிடுகிறது. வாரந்தோறும் நீங்கள் இங்கே வந்துகொண்டிருக்கும்போது, உங்கள் அம்மாவோ அப்பாவோ ஒருநாள் கூட வந்து பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. அப்படித்தான் பல நாய்களுக்கு வீடு கிடைத்திருக்கிறது. நாட்டு நாய்களைப் பற்றி ஒரு சொல்: நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற உடல் அவற்றுக்கு இருக்கும்போது, குளிர்நாட்டு இனத்தை வாங்கிக் குளிர்சாதன அறையில் அடைத்து வைப்பது எனக்குப் புரிவதில்லை.

தீபாவளி, மழை நாள்களில் வர வேண்டுமா?

அன்றுதான் மிகவும் வேண்டும். பட்டாசுச் சத்தத்தில் வழிதவறி ஓடிய வீட்டு நாய்கள் அன்றிரவு முழுக்க வந்துகொண்டே இருக்கும். உள்ளே இருப்பவை நடுங்கும். ஜன்னல்களைச் சாக்கால் மறைத்து, வானொலியைப் போட்டுவிட்டு அவற்றோடு ஒருவர் உட்கார்ந்திருந்தாலே போதும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, கனமழை எச்சரிக்கை வந்தவுடன் தரைக் கூண்டுகளில் இருப்பவற்றை மேல்தளத்துக்கு ஏற்றிவிடுகிறோம். அந்த வேலைக்கு இரவில் அழைத்தால் வரக்கூடியவர்களின் பட்டியல் ஒன்று அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மூன்று மாதம் முடித்தவர்கள் விரும்பினால் அதில் பெயரெழுதலாம்.

எப்படித் தொடங்குவது?

ஏதேனும் ஒரு ஞாயிறு காலை ஆறேகாலுக்கு வாருங்கள். முழுக்கால் சட்டையோ சுடிதாரோ போட்டு, வளையல், தொங்கும் காதணி, வாசனைத் திரவியம் தவிர்த்து, ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தால் போதும். தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். ரப்பர் பூட்ஸ் இங்கே எல்லா அளவிலும் வைத்திருக்கிறோம், வாயிலுக்கு இடப்புறம் முதல் அறையில்.